பதினான்காம் அத்தியாயம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க நானும் அவரும் பொண்ணும் சௌக்கியம். உன் கண் எரிச்சல் எப்படி இருக்கு? சொட்டு மருந்தை ஒழுங்கா விட்டுக்கிறியா, இல்ல வாங்கி வச்சு அழகு பார்க்கிறியா?

இந்தக் கடிதத்துக்குப் பின்னாடியே ஒரு பார்சல் வரும். கனமா இருக்கும், பயந்துடாதே. நாவல். ஆமா, நாவல்தான். ஆறு வருஷமா எழுதினேன். வீட்டுக்காரருக்கே போன வருஷம்தான் தெரியும். எங்க ஆஸ்பத்திரி துணிக் கிடங்குல பழைய படிவங்களைக் கட்டுக் கட்டா தூக்கிப் போடுவாங்க. அதோட பின்பக்கத்துல எழுதியிருக்கேன். முன்பக்கத்தைப் படிச்சுட்டு நாவல் புரியலன்னு சொல்லாதே.

அப்பா கடைசியா படுத்திருந்த அந்தப் பதினோரு நாள்தான் கதை. தலைப்பும் அதுதான், ‘பதினோரு நாள்’. ஒரு அப்பா, ரெண்டு பொண்ணு. இளையவ பக்கத்துல இருக்கா, மூத்தவ வெளியூர்ல இருக்கா. யாருக்கும் பேர் வைக்கல. மூத்தவ நீ இல்ல. ஆனா உன் நடை, நீ தலையைச் சாய்ச்சுக் கேட்கிற விதம் எல்லாம் என்னைக் கேட்காமலே உள்ள வந்துடுச்சு. கோபப்படாதே.

பதிப்பகத்துல பன்னிரண்டு வருஷமா மெய்ப்பு பார்க்கிறவ நீ. எனக்கு வேற யாரைத் தெரியும்? முதல்ல அக்காவா படி, அப்புறம் சிவப்புப் பேனாவை எடு. நல்லா இல்லைன்னா நேராச் சொல்லிடு. நல்லா இருந்தா உங்க முதலாளி காதுல ஒரு வார்த்தை போட்டு வை.

உன் அன்புத் தங்கை,
குட்டி


பிப்ரவரி 20

அன்புள்ள குட்டிக்கு,

நான் நலம். உன் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமாகிவிட்டது. கண் மருத்துவர் பத்து நாள் எதையும் படிக்கக் கூடாது என்றார். அதற்கு அவர் என்னைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கலாம்.

படித்துவிட்டேன், இரண்டு முறை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒற்றுப்பிழை ஆயிரத்துக்குக் குறையாது. சின்ன வயதிலிருந்தே உனக்கு ‘க்’கோடும் ‘ச்’சோடும் என்ன பகையோ. ஆனால் குட்டி, நீ எழுத்தாளர். இதை நான் சும்மா சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும். இளையவள் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடும் இடத்தில், கத்தி தாடைக்கு வரும்போது அவர் தானாக வாயைக் கோணிக்கொள்கிறாரே, அந்த இடத்தில் கையெழுத்துப் பிரதியை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஒன்றே ஒன்று. பதினான்காம் அத்தியாயம். அப்பாவுக்கு உடம்பு மோசம் என்று இளையவள் எழுதிய கடிதம் மூத்தவளுக்குக் கிடைக்கிறது. கையெழுத்தைப் பார்த்தே விஷயம் தெரிந்துகொண்டு, பிரிக்காமல் இழுப்பறையில் ஒரு வாரம் வைத்திருக்கிறாள். அப்பா போய்விட்டார் என்ற தந்தி வந்த பிறகுதான் பிரிக்கிறாள். இந்தப் பதினேழு பக்கம் மட்டும் நாவலில் ஒட்டவில்லை. வாசகர்கள் நம்ப மாட்டார்கள். பெற்ற அப்பா விஷயத்தில் ஒரு பெண் அப்படிச் செய்வாளா என்பார்கள். அதை எடுத்துவிட்டால் என்ன?

இதை யார் சொல்லி எழுதினாய்?

அன்புடன்,
அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம். உன் கடிதத்தைக் கிடங்குல வச்சுப் படிச்சேன். சலவை இயந்திரம் ஓடுற சத்தத்துல நான் அழுதது யாருக்கும் கேட்கல. ‘நீ எழுத்தாளர்’ங்கிற வரியை அவர்கிட்ட காட்டினேன். அவர் ரெண்டு தடவை படிச்சுட்டு, உங்க அக்கா கையெழுத்து ரொம்ப அழகுன்னார். மனுஷனுக்குப் பாராட்ட வேற எதுவும் கிடைக்கல.

பதினாலாம் அத்தியாயத்தை யாரும் சொல்லி எழுதல அக்கா. முழுக்க என் கற்பனை. நடந்தது வேற, அது நமக்குத் தெரியும். நான் எழுதின கடிதம் தபால் வேலைநிறுத்தத்துல எங்கேயோ தொலைஞ்சு போச்சு. தந்தி கிடைச்சு நீ வரும்போது எல்லாம் முடிஞ்சு ஒரு நாள் ஆயிருந்துச்சு. வாசல்ல நின்னு ‘கடிதமே வரலடி’ன்னு நீ சொன்னது இன்னும் கண்ணுல நிக்குது. ஆனா ஒரு நாவல் தபால் வேலைநிறுத்தத்துல போய் முடிஞ்சா நல்லாவா இருக்கும்? அதான், கடிதம் போய்ச் சேர்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சேன். மூணு ஞாயிற்றுக்கிழமையில எழுதி முடிச்சேன். மற்றதையெல்லாம் பத்துத் தடவை திருத்தியிருக்கேன், அதுல ஒரு எழுத்து மாத்தல.

நாவல்லயே எனக்குப் பெருமையான இடம் அது. நான் பார்த்ததை யார் வேணா எழுதலாம், பார்க்காததை எழுதினேன் இல்லையா? அதை மட்டும் எடுக்கச் சொல்லாதே. உன்னை நினைச்சு எழுதினதா மட்டும் நினைச்சுடாதே. உன்னைத் தெரியாதா எனக்கு.

உடம்பைப் பார்த்துக்கோ.

குட்டி


மே 2

அன்புள்ள குட்டிக்கு,

நலம். வெயிலில் மாடி அறை அடுப்பு மாதிரி இருக்கிறது. மற்றபடி குறையில்லை. இரண்டு மாதம் எழுதாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன்.

உன் கையெழுத்துப் பிரதியை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் எந்தப் பிரதியையும் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் முகம் சுளிப்பார். பிறகு அது அவர் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் குவியலுக்குப் போகும். அந்தக் குவியலில் நாலு வருஷத்துக் கட்டுகள் இருக்கின்றன. ஒரு பள்ளி ஆசிரியர் மாதம் ஒரு முறை வந்து தன்னுடையது எந்த உயரத்துக்கு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறார். உன்னுடையதை நான் மூன்று முறை எடுத்து மேலே வைத்தேன். போன வாரம் வீட்டுக்குக் கொண்டுபோனார். திங்கட்கிழமை என் மேசைக்கே வந்து நின்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என் மேசைக்கு வந்தது அதுதான் முதல் முறை. “இந்தப் பொண்ணு எங்கம்மா இருந்தா இவ்வளவு நாளா?” என்றார். என் தங்கை என்று அப்போதுதான் சொன்னேன்.

போடுகிறார். ஆனால் நூறு பக்கமாவது குறைய வேண்டுமாம். குறைக்கும் வேலையை என்னிடமே கொடுத்திருக்கிறார். ஒப்பந்தத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஐந்தாவது விதியைப் படித்துவிட்டுக் கோபப்படாதே, எல்லோருக்கும் அதுதான்.

பதினான்கைப் பற்றி இன்னொரு முறை யோசி.

அக்கா


மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன். ரெண்டாவது கையெழுத்து கோணலாப் போச்சு, அவ்வளவு அவசரம். சலவை சோடா காரத்துல விரல் தோல் உரிஞ்சு கிடக்கு, அதுவும் ஒரு காரணம்னு வச்சுக்கோ. மற்றபடி உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரியில தலைமை நர்ஸ் வரைக்கும் விஷயம் பரவிடுச்சு. ‘எங்களைப் பத்தி எழுதியிருக்கியா?’ன்னு ஒவ்வொருத்தரா வந்து கேட்கிறாங்க. இல்லைன்னா முகம் வாடிப் போகுது.

ஐந்தாவது விதியில ‘தேவையான மாற்றங்களைப் பதிப்பகம் செய்யலாம்’னு இருக்கு. நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்? நூறு பக்கம் என்ன, நூத்தைம்பது பக்கம் எடு. பக்கத்து வீட்டுச் சண்டையை எடு, ஆஸ்பத்திரி வர்ணனையை எடு. பதினாலுல மட்டும் கத்தரி படக் கூடாது. இதை நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி மெய்ப்பை எனக்கு ஒரு தடவை அனுப்பு.

நீ இல்லைன்னா இது நடந்திருக்காது. அப்பா இருந்திருந்தா ரெண்டு பொண்ணும் சேர்ந்து ஒரு புத்தகம் போடுதுன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

குட்டி


ஆகஸ்ட் 18

அன்புள்ள குட்டிக்கு,

நலமா? விரலுக்கு மருந்து போடு. கையுறை தரச் சொல்லிக் கிடங்கில் சண்டை பிடி.

மெய்ப்பு அனுப்ப நேரமில்லாமல் போய்விட்டது. நூலகங்களுக்குப் புத்தகம் எடுக்கும் பட்டியலைச் செப்டம்பர் கடைசியில் மூடுகிறார்கள், அதற்குள் புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்று முதலாளி ஒற்றைக் காலில் நிற்கிறார். நானே மூன்று முறை பார்த்துவிட்டேன். பிழை இருக்காது.

தலைப்பை மாற்றிவிட்டார். ‘பதினோரு நாள்’ என்றால் மருத்துவப் புத்தகம் என்று நினைப்பார்களாம். ‘அவள் வரவில்லை’ என்று வைத்திருக்கிறார். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அழுதுகூடப் பார்த்தேன், நம்ப மாட்டாய். தலைப்புக்கு அழுகிற மெய்ப்பாளரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். அட்டையில் ஒரு வாசல், பாதி திறந்த கதவு. ஓவியர் கேட்டதற்கு நாலு நாள் முன்பே முடித்துக் கொடுத்துவிட்டார், அதனால் மாற்ற முடியவில்லை.

இருநூற்றுத் தொண்ணூறு பக்கம் வந்திருக்கிறது. நன்றாக வந்திருக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். தலைப்பு பிடிக்கல. ஆனா எனக்காக நீ அழுதேன்னு எழுதியிருக்கே, அதைப் படிச்ச பிறகு என்ன சொல்றது.

ஒண்ணு கேட்கணும். பதினாலைப் பத்தி நீ ஒரு வரிகூட எழுதல. இருக்குதானே? இருக்குன்னு மட்டும் ஒரு கார்டு போடு.

குட்டி


அக்டோபர் 12

அன்புள்ள குட்டிக்கு,

நலம். புத்தகம் போன மாதமே வந்துவிட்டது. உனக்குரிய பத்துப் பிரதிகளை இன்று பார்சலில் அனுப்பினேன். நனையாமல் இருக்க இரண்டு சுற்று மெழுகுத்தாள் போட்டிருக்கிறேன். முதல் பிரதியைக் கையில் வாங்கும்போது நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

கண்ணுக்கு அறுவை செய்ய வேண்டுமாம். சின்னதுதான். கொஞ்ச நாள் எழுத முடியாது.

அக்கா


நவம்பர் 24

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் நவம்பர் 3 கடிதம் கிடைத்தது. வெளியூர்ப் பயணத்தால் பதில் தாமதம், பொறுத்தருளவும்.

பதினான்காம் அத்தியாயத்தை யார் எடுத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது சற்று வியப்பாக இருக்கிறது. அந்த அத்தியாயத்தை நீக்கத் தாங்களே விரும்பி எழுதியிருப்பதாகத் தங்கள் சகோதரி கூறினார். உண்மையில் நான் தயங்கினேன். மூத்தவள் ஏன் வரவில்லை என்ற காரணமே அதில்தானே இருக்கிறது, எடுத்தால் வாசகர் குழம்ப மாட்டாரா என்று கேட்டேன். ஆசிரியர் உறுதியாக இருக்கிறார் என்றார். ஆசிரியர் விருப்பத்துக்கு நான் குறுக்கே நிற்பதில்லை.

ஆனால் தாங்கள் வருந்தக் காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இணைத்துள்ள மதிப்புரையைப் படியுங்கள். இந்த விமர்சகர் புது எழுத்தாளரைப் பாராட்டி நான் பார்த்ததில்லை. ‘மூத்த மகள் ஏன் வரவில்லை என்பதை நாவல் கடைசிவரை சொல்லவே இல்லை. சாதாரண எழுத்தாளர் ஒரு காரணத்தைச் சொல்லிக் கதையைக் கெடுத்திருப்பார். இந்த மௌனம்தான் நாவலின் சாதனை’ என்று எழுதியிருக்கிறார். கடைகளில் அதைச் சொல்லியே கேட்டு வாங்குகிறார்கள்.

இரண்டாம் பதிப்புக்கு ஏற்பாடு நடக்கிறது. தாங்கள் விரும்பினால் அத்தியாயத்தைச் சேர்க்கலாம். சேர்க்க வேண்டாம் என்பது என் பணிவான கருத்து. அடுத்த நாவலையும் எங்களுக்கே தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பதிப்பாளர்


டிசம்பர் 5

அக்காவுக்கு,

அறுவை நல்லபடியா முடிஞ்சதுன்னு உங்க ஆபீஸ்ல விசாரிச்சுத் தெரிஞ்சுகிட்டேன். அதனால இதை நீயே படிக்க முடியும்.

புத்தகம் வந்த அன்னைக்கு அவர் நாற்காலியைத் துடைச்சுப் போட்டு என்னை உட்கார வச்சு, பார்சலைப் பிரிச்சார். பொண்ணு அட்டையில என் பேரைத் தடவிப் பார்த்தா. நான் நேராப் பதினாலுக்குப் போனேன். அங்க என்னோட பதினைஞ்சு இருந்துச்சு. அத்தியாய எண்களை மாத்திப் போட்டிருக்கே. தையலே வெளியில தெரியாம ஒட்டுப் போட்ட துணி மாதிரி, நீ எங்க வெட்டினேன்னு எனக்கே தெரியல.

உங்க முதலாளிக்கு எழுதிக் கேட்டேன். நான் சொல்லித்தான் எடுத்தேன்னு நீ சொன்னியாம். நான் சொன்னது என்னன்னு மே மாசத்துக் கடிதத்துல இருக்கு.

முதல்ல கோபம்தான் வந்துச்சு. ஊர் உன்னைத் தப்பா நினைக்கும்னு பயந்துட்டேன்னு நினைச்சேன். அப்படின்னா கேட்டிருக்கலாமே, நான் மூத்தவளோட நடையை மாத்தியிருப்பேன், தலை சாய்க்கிறதை எடுத்திருப்பேன். அப்புறம் ஜனவரியிலிருந்து நீ எழுதின கடிதத்தையெல்லாம் எடுத்து வரிசையா வச்சுப் படிச்சேன். மெய்ப்பு பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையா.

வாசகர்கள் நம்ப மாட்டாங்கன்னு எழுதியிருக்கே. ஒட்டலன்னு எழுதியிருக்கே. யார் சொல்லி எழுதினாய்னு கேட்டிருக்கே. நான் உன்னைத் தெரியாதான்னு எழுதினதுக்கு ரெண்டு மாசம் பதிலே போடல. இத்தனை கடிதத்துல ஒரு இடத்துலகூட ‘நான் அப்படிச் செய்யலடி’ன்னு நீ எழுதல. செய்யாத ஒருத்தி முதல்ல எழுதுற வரி அதுதானே அக்கா?

அப்பா அந்தப் பதினோரு நாளும் வாசல் பக்கம் தலையைத் திருப்பி வச்சுப் படுத்திருந்தார். கழுத்து வலிக்கும்னு நான் நேரா வைப்பேன், மறுபடி திருப்பிக்குவார். அது உனக்குத் தெரியும், மூணாவது அத்தியாயத்துல படிச்சிருப்பே. அதுல ஒரு ஒற்றுகூட நீ விடாம திருத்தியிருக்கே.

கடிதம் வந்துச்சா?

குட்டி


ஜனவரி 9

குட்டிக்கு,

வந்தது. வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முந்தின நாள் வந்தது.

உன் பதினான்காம் அத்தியாயத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. இழுப்பறை இல்லை. என் கைப்பையில் இருந்தது. தினம் வேலைக்குக் கொண்டுபோனேன், திரும்பக் கொண்டுவந்தேன். இன்னொன்று, மூத்தவளுக்கு அப்பாமேல் கோபம் என்று எழுதியிருக்கிறாய். கோபம் இல்லை.

அப்பா வேண்டாம் என்று சொன்ன ஆளைக் கட்டிக்கொண்டுதான் நான் இந்த ஊருக்கு வந்தேன். அந்த ஆள் என்னை விட்டுவிட்டுப் போய் அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. உங்களுக்கெல்லாம் அதை நான் ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னேன், ஞாபகம் இருக்கும். உன் கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பிரித்தால் வர வேண்டியிருக்கும். வந்தால் அப்பா முதலில் கேட்பது, ‘மாப்பிள்ளை எங்கே?’ நாளைக்குப் பிரிக்கலாம் என்று ஏழு நாள் இருந்தேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீ எழுதியபடியேதான் நடந்தது. எப்படி எழுதினாய் என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்துகொண்டுதான் என்னிடமே அனுப்பியிருக்கிறாய் என்று ஒரு வருஷம் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

முதலாளியிடம் சொன்னது பொய். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இன்னொன்றுக்கு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைச்சுது. அவர்கிட்ட காட்டல. யார்கிட்டயும் காட்ட மாட்டேன்.

போன வாரம் வாசகர் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தாங்க. ஒரு பள்ளிக்கூட அறை, நாப்பது பேர் இருப்பாங்க. வாழ்க்கையில முதல் தடவையா எனக்கு மாலை போட்டாங்க. ஒரு அம்மா எழுந்து, “மூத்தவ ஏன் வரலைன்னு உங்களுக்காவது தெரியுமா?”ன்னு கேட்டாங்க. “எனக்கும் தெரியாதுங்க”ன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. உன்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்னு நினைச்சுக்காதே. அந்தப் பதில் புத்தகத்துக்கு நல்லது, அதான் சொன்னேன்.

ரெண்டாம் பதிப்புல அத்தியாயத்தைச் சேர்க்க வேண்டாம்னு எழுதிட்டேன். அது இல்லாமத்தான் நாவல் நல்லா இருக்கு. நீ எதுக்காக வெட்டினியோ, வெட்டினது சரி. இதைச் சொல்றதுக்கு எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. ஆறு வருஷம் எழுதினதுல எனக்குப் பெருமையான ஒரே இடம் அதுதான். அது இல்லாததுக்குத்தான் ஊர் என்னைப் பாராட்டுது.

இன்னொன்னும் சொல்லிடறேன். ‘மாப்பிள்ளை எங்கே’ங்கிற வரி வரைக்கும் படிச்சப்போ எனக்கு முதல்ல தோணினது அப்பா இல்ல, நீயும் இல்ல. நான் எழுதின காரணத்தைவிட இது நல்ல காரணம்னுதான் தோணுச்சு. அதுக்கப்புறம்தான் அழுகை வந்துச்சு. அந்த வரிசைதான் என்னைத் தூங்க விடல.

அடுத்த நாவல் ஆரம்பிச்சுட்டேன். புருஷன் விட்டுட்டுப் போனதை வீட்டுக்குச் சொல்லாம, மாடி அறையில தனியா இருக்கிற ஒருத்தி. கைப்பையில ஒரு கடிதம். முப்பது பக்கம் ஆயிருக்கு. உன்கிட்ட அனுமதி கேட்கல.

இந்தத் தடவை மெய்ப்பு பார்க்க வேற ஆளைப் போடச் சொல்லி உங்க முதலாளிக்கு எழுதியிருக்கேன். ஏன்னு கேட்டார். உன் கண்ணுக்கு ஓய்வு வேணும்னு சொல்லியிருக்கேன்.

குட்டி